பட்டமும் பக்குவமும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் இந்த உரைக்கு அழைத்தபோது நாங்கள் ஒரேயொரு வேண்டுகோள் வைத்தோம். மேடையில் ஒருத்தி நின்றாலும் எங்கள் வகுப்பே பேசுவதாக இருக்கவேண்டும் என்று கேட்டோம். 1995இல் பதினோராம் வகுப்பில் இருந்தவர்கள் நாங்கள். இன்று ஒன்பது நாடுகளில் இருக்கிறோம். எங்களுக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. காலை வணக்கமும் சாமிப் படமும் கத்தரிக்காய்க் குழம்பும் போய்க்கொண்டிருந்த அந்தக் குழுவில், மூன்று வாரமாக இந்தத் தலைப்பே ஓடியது. ஆகவே இந்த உரையில் வரும் "நாங்கள்" உண்மையாகவே பலர்.

தலைப்பைப் போட்டவுடன் முதல் எதிர்ப்பு ரொறன்ரோவில் இருந்து வந்தது. "டொக்டர் ஆனவள் மேடையில ஏறி நிண்டு டொக்டர் ஆகிறது பெரிசில்லை எண்டு சொன்னால், முன்வரிசையில இருக்கிற பிள்ளையள் என்ன நினைக்கும்? வயிறு நிறைஞ்சவள் விரதத்தின்ரை பெருமை பேசின மாதிரி இருக்கும்" என்றாள் அவள். நியாயமான கேள்வி. அதனால் முதலில் அதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுகிறோம்.

முன்வரிசையில் இருக்கும் தங்கைமாரே, நீங்கள் படிக்கவேண்டும். நன்றாகப் படிக்கவேண்டும். 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. அதன்பிறகு எங்கள் தலைமுறை ஜாம் போத்தல் விளக்கில் படித்தது. போத்தலுக்குள் பஞ்சை வைத்து, மூடியில் திரி செருகி, மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக ஊற்றிப் படித்தோம். மண்ணெண்ணெய் என்ன விலை விற்றது என்பது எங்கள் அம்மாமாருக்குத்தான் தெரியும். காதில் கழுத்தில் கிடந்ததை விற்றுப் படிப்பித்தவர்களின் பிள்ளைகள் இந்த மண்டபத்தில் நிறையப்பேர் இருக்கிறோம். படிப்பு எங்களைக் காப்பாற்றியது. கையில் சொந்தச் சம்பளம் இருக்கும் பெண் அடி வாங்கிக்கொண்டு ஒரு வீட்டில் இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. இதை எங்கள் தோழிகள் இரண்டுபேர் தங்கள் வாழ்க்கையில் கண்டு சொல்லச் சொன்னார்கள். (படித்து வைத்தியராக வந்த பெண்ணிடமும் சீதனம் கேட்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லும்படி இன்னொருத்தி எழுதினாள். சொல்லியாயிற்று.)

வெற்றியை நாங்கள் குறைத்துப் பேச வரவில்லை. அந்த வெற்றி எங்கே வந்து நின்றுவிடுகிறது என்பதைச் சொல்லவே வந்தோம்.

பிரதான மண்டபத்தின் சுவரிலே பெயர்ப்பலகைகள் இருக்கின்றன. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போனவர்களின் பெயர்கள் வருடவாரியாகப் பொன்னிற எழுத்தில் உள்ளன. எங்கள் வருடத்துப் பெயர்களும் உண்டு, பெருமைதான். ஆனால் எங்கள் வகுப்பில் யாருக்காவது நடு இரவில் நெஞ்சு உடைந்தால், அந்தப் பலகையில் உள்ள எவருக்கும் தொலைபேசி எடுப்பதில்லை. எல்லோரும் எடுப்பது ஒரேயொருத்திக்கு. அவள் உயர்தரப் பரீட்சையை இரண்டுதரம் எழுதினாள். தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்று அன்று நான்கு பாடங்கள். இரண்டுமுறையும் கிடைக்கவில்லை. பிறகு ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கப் போனாள். கல்யாணம் முடித்தாள். பாரிசவாதத்தில் விழுந்த மாமியாரைப் பதினொரு வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்தாள். விடியற்காலையில் ஊர்ப் பிள்ளையார் கோயில் வீதியைக் கூட்டி, பூப் பறித்து, மாலை கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். இன்றைக்கும் அப்படித்தான்.

மெல்பேணில் இருக்கும் தோழிக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த இரவு, வகுப்பில் ஐந்து வைத்தியர்கள் இருந்தும், அவள் முதலில் எடுத்தது இவளுக்குத்தான். "உங்களிட்டைக் கேட்டால் எத்தனை வீதம் எண்டு சொல்லுவியள். எனக்கு அண்டைக்கு வீதம் வேண்டாம்" என்று பிறகு எங்களிடம் சொன்னாள். இவள் என்ன சொன்னாள் என்று கேட்டோம். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லையாம். "சாப்பிட்டியோ?" என்று கேட்டாளாம். பிறகு, "நாளைக்கு விடிய உன்ரை பேரிலை விளக்கேத்துவன். நீ படுக்கும்வரைக்கும் லைனிலை இருக்கிறன்" என்றாளாம். இருந்தாளாம். அவ்வளவுதான்.

அவளும் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறாள். பெயர் சொல்லக்கூடாது, எழும்பி நிற்கச் சொல்லக்கூடாது என்ற இரண்டு நிபந்தனையோடுதான் இதைச் சொல்ல அனுமதி தந்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவேண்டாம்.

அவளுக்கு இருப்பதற்கு என்ன பெயர்? கெட்டிக்காரத்தனம் என்று சொல்ல முடியாது. படிப்பு என்றும் சொல்ல முடியாது. எங்கள் தமிழ் ஆசிரியை திருக்குறளின் அதிகார வரிசையை மனப்பாடம் பண்ண வைத்தவர். அப்போது அது சோதனைக்குப் படித்ததாகத்தான் இருந்தது. இப்போது அதைத் திரும்பப் புரட்டிப் பார்த்தால் ஒரு விசயம் தெரிகிறது. வள்ளுவர் அறிவை இரண்டு இடத்தில் வைத்திருக்கிறார். பொருட்பாலில் 40ஆம் அதிகாரம் கல்வி, 41 கல்லாமை, 42 கேள்வி, 43 அறிவுடைமை. படித்து, கேட்டு, அதனால் வருகின்ற அறிவு அது. ஆளவும், ஆபத்தில் இருந்து தப்பவும், உலகத்தோடு ஒத்துப்போகவும் உதவும். நமது பாடசாலைகள் கொடுப்பது பெரும்பாலும் இதைத்தான், கொடுக்கவும் வேண்டும். ஆனால் அதற்கு முன்பே, அறத்துப்பாலில் 36ஆவதாக மெய்யுணர்தல் என்று வேறொன்றை வைத்துவிட்டார். அதற்கு முன் இருப்பது துறவு. பின் இருப்பது அவாவறுத்தல். பற்று ஒருபக்கம், ஆசை மறுபக்கம். அவற்றுக்கு நடுவில் உள்ளதை உள்ளபடி காண்பது. கல்வி அதிகாரத்துக்குப் பக்கத்தில் அதை அவர் வைக்கவேயில்லை. ஒரு மனிதருக்கு அறிவுடைமை நிறைய இருந்து மெய்யுணர்தல் கொஞ்சமும் இல்லாமல் போகலாம். வைத்தியசாலைகளில் அப்படிப்பட்டவர்களோடு வேலை செய்திருக்கிறோம். சத்திரசிகிச்சையில் கை தங்கம், நோயாளியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தெரியாது.

அந்த மற்ற அறிவு எப்படி வருகிறது என்பதற்குச் சைவம் ஒரு ஒழுங்கு சொல்கிறது. சமய பாடத்தில் எல்லோரும் படித்ததுதான்: சரியை, கிரியை, யோகம், ஞானம். கடைசிப் படி ஞானம். முதற்படி என்ன? கோயிலைக் கூட்டுவது, மெழுகுவது, பூப் பறிப்பது, மாலை கட்டுவது, விளக்கேற்றுவது, அடியாருக்குத் தொண்டு செய்வது. திருநாவுக்கரசு நாயனார் கையில் உழவாரத்தோடு நிற்கும் படம் எங்கள் வகுப்பறையில் தொங்கியது. எத்தனையோ பதிகம் பாடிய பெரியவரின் கையில் ஏட்டைக் கொடுக்காமல் புல் செருக்கும் கருவியைக் கொடுத்து வைத்திருக்கிறது எங்கள் மரபு. ஞானத்துக்கான பாதை தும்புத்தடியில் இருந்து தொடங்குகிறது என்று சொன்னால் நுழைவுப் பரீட்சை மனத்துக்கு ஏற்றுக்கொள்வது கஷ்டம். குனிந்தால்தானே கூட்டலாம், எங்கள் தோழி முப்பது வருடமாகத் தினமும் குனிகிறாள்.

இனி, கொஞ்சம் கனமான விசயம்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரேயடியாகத் தென்மராட்சிப் பக்கம் நடந்த கதையை மூத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மழை, இருட்டு, செம்மணி வெளி, நாவற்குழிப் பாலம். ஒரு அடி எடுத்து வைக்கப் பத்து நிமிடம். அதைப் பற்றி நிறையப்பேர் எழுதிவிட்டார்கள். அந்த இரவில் ஐயா, துரை என்று ஊரில் மரியாதை பெற்றிருந்த பலர் கையில் பையோடு பேச்சற்று நின்றதையும், பள்ளிக்கூடமே போகாத கிழவிகள் சிலர் பிள்ளைகளை எண்ணி எண்ணி, இருந்த தண்ணீரைச் செம்பில் பங்கிட்டு, முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு எல்லோரையும் நடத்திக்கொண்டு போனதையும் எங்கள் வகுப்பில் ஒவ்வொருத்தியும் ஏதோவொரு விதத்தில் கண்டிருக்கிறோம்.

அந்தத் திகதி இன்னொன்றுக்கும் உரியது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்கள் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறவேண்டும் என்று விடுதலைப் புலிகளால் உத்தரவிடப்பட்டு, உடுத்த உடையோடு அனுப்பப்பட்டார்கள். எங்கள் ஆறாம் வகுப்பில் ஒரு கதிரை வெறுமையானது. ஐந்து வருடம் கழித்து அதே திகதியில் நாங்கள் நடந்தோம். அந்தத் தோழி இப்போது புத்தளத்தில் இருக்கிறாள். குழுவில் சேர்ந்து நாலு வருடம். இந்த உரைக்காக அவள் ஒரு குரல்பதிவு அனுப்பினாள். முகாமில் ஓலைக் கொட்டிலில் இருந்தபோது அவளுடைய உம்மா ஐந்து வேளைத் தொழுகையை ஒருநாளும் விடவில்லையாம். துஆவில் வீட்டைத் திருப்பித் தா என்று கேட்பாராம். அதற்குப் பிறகு, பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பம் சுகமாக இருக்கவேண்டும் என்றும் கேட்பாராம். "உம்மாவுக்குக் கோபம் இருந்தது. கோபம் இல்லையெண்டு சொல்லாதேங்கோ. ஆனால் கோபத்தோடையே அதையும் கேட்டா" என்றாள். 1995இல் நாங்கள் நடந்த செய்தி வானொலியில் கேட்டு அந்த உம்மா அழுதாராம். இதைக் கேட்டபிறகு குழுவில் ஒருநாள் முழுதும் யாரும் எதுவும் எழுதவில்லை. எங்களிடம் இருக்கும் பட்டங்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்தப் பிரார்த்தனைக்கு ஈடாகப் போட எங்களிடம் ஒன்றுமில்லை.

வைத்தியர்கள் என்றபடியால் மரணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். விடுதியில் வேலை செய்யும் எங்களுக்கு ஒரு கட்டுக்கதையை உடைக்கவேண்டிய கடமை இருக்கிறது. பக்தி உள்ளவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே சாகிறார்கள் என்பது உண்மையல்ல. அவர்களுக்கும் பயம் வரும், மூச்சு முட்டும், நோகும். நோவுக்கு மோர்பின் வேண்டும், தேவாரம் போதாது. நோவோடு ஒருவரைப் படுக்க வைத்து, எல்லாம் விதி என்று சொல்வது சமயமே அல்ல. நோவைத் தணித்த பிறகு ஒன்று மிச்சம் இருக்கும். அதற்கு மருந்துக் களஞ்சியத்தில் எதுவும் இல்லை.

பல வருடங்களுக்கு முன் ஒரு அம்மா. மூன்று பிள்ளைகளும் வெளிநாட்டில். கடைசி இரவு. மகன் தொலைபேசியில் விம்மி விம்மி அழுகிறார். விசா, விமானம், லீவு, ஏதோ ஒன்று பொருந்தவில்லை. அம்மா சத்தம் வராத குரலில், "அழாதை ராசா, நீ சாப்பிட்டு வேலைக்குப் போ" என்கிறார். பிறகு தாதியிடம் திருநீறு கேட்டார். திருநீறு இருந்தது. யாராவது சிவபுராணம் படிப்பீர்களா என்று கேட்டார். தொண்ணூற்றைந்து வரி. வைத்தியர்களும் தாதியரும் கைத்தொலைபேசியில் தேடிக்கொண்டு நின்றோம். நிலம் துடைத்துக்கொண்டிருந்த சுத்திகரிப்புத் தொழிலாளி வாளியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கையைக் கழுவி, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கட்டிலடிக்கு வந்து, தொடக்கத்தில் இருந்து முடிவு வரைக்கும் பிசகாமல் சொன்னார். அம்மாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அந்த அறையில் அந்த நேரத்தில் மூத்தவர் யார் என்பதில் எங்களில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

பதவியையும் பக்குவத்தையும் பற்றிப் பேசும்போது நல்லூரை விட்டுவிட்டுப் பேச முடியாது. யோகர் சுவாமிகள் 1872இல் மாவிட்டபுரத்தில் பிறந்து, கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைகளில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். அரசாங்க உத்தியோகம் என்றால் அன்றைய யாழ்ப்பாணத்தில் அதற்கு மேல் ஒன்றுமில்லை. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்று பழமொழி சொன்ன ஊரல்லவா! அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு அவர் தேடிப்போன குரு, நல்லூர்த் தேரடியில் விசரர் என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்த செல்லப்பா சுவாமிகள். பிற்காலத்தில் கொழும்புத்துறைக் குடிலுக்கு நீதவான்களும் அதிபர்களும் உத்தியோகத்தர்களும் போய்ப் பாயில் இருந்து ஏச்சு வாங்கிக்கொண்டு வந்தார்கள். இதில் வைத்தியர்களாகிய எங்களுக்குப் பிடித்த பகுதி கடைசிப் பகுதி. 1961இல் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, மாதக்கணக்கில் வைத்தியசாலையில் கிடந்தார். பின்னர் சக்கர நாற்காலி. 1964இல் மறைந்தார். ஞானிக்கும் எலும்பு முறியும். முறிந்த பிறகும் ஆட்கள் அவரிடம் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

கிறிஸ்தவத் தோழிகள் தங்கள் பக்கத்தில் இருந்து ஒருவரைச் சொல்லச் சொன்னார்கள். சாமுவேல் கிறீன் வைத்தியர். 1847இல் அமெரிக்காவில் இருந்து இங்கே வந்தார். மானிப்பாயில் இருந்து தமிழ் படித்து, தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். தன் நாட்டில் 1884இல் இறந்தபோது, தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்பதே கல்லறையில் இருக்கவேண்டும் என்பது அவர் விருப்பமாக இருந்தது.

இவர்கள் எல்லாம் துறவிகள், ஊழியக்காரர்கள். எங்களுக்குக் குடும்பம் இருக்கிறதே, வீட்டுக் கடன் இருக்கிறதே என்று லண்டன் தோழி ஒருத்தி கேட்டாள். அறுபத்து மூன்று நாயன்மார்களில் பெண்கள் மூன்றுபேர். அந்த மூன்றுபேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காரைக்கால் அம்மையார் அழகையும் இல்லறத்தையும் உதறிவிட்டுப் பேயுருவம் கேட்டு வாங்கினார். மங்கையர்க்கரசியார் பாண்டிமாதேவி, அரண்மனையை விட்டுப் போகவேயில்லை, அங்கே இருந்துகொண்டே தான் நம்பியதைச் செய்தார். இசைஞானியார் சுந்தரரின் தாயார். சேக்கிழார் அவரைப் பற்றிச் சொல்வதும் மிகச் சுருக்கம். ஒருவர் விட்டார், ஒருவர் பதவியில் இருந்தார், ஒருவர் தாயாக இருந்தார். மூவருக்கும் திருச்சுற்றில் ஒரே வரிசையில்தான் இடம். ஆகவே உத்தியோகத்தை விடச் சொல்லி நாங்கள் யாரையும் கேட்கவில்லை. அக்காமார் பயப்படவேண்டாம்.

ஆனால் ஒரு பயம் எங்களுக்கு இருக்கிறது. சமயமும் இப்போது வெற்றியின் இன்னொரு கடையாகிக்கொண்டு வருகிறது. ஊருக்கு ஊர் கோபுரம் உயர்கிறது. எந்தக் கோயில் தேர் பெரிது, எந்தத் திருவிழாவுக்கு எத்தனை கூட்டம் மேளம், உபயகாரர் பெயர் கல்லில் எந்த இடத்தில் என்று போட்டி. பலகையில் பெயர் வேண்டும் என்ற அதே ஆசை, மண்டபச் சுவரில் இருந்து கோயில் சுவருக்கு இடம்மாறியிருக்கிறது. பிள்ளைக்கு மூன்று ஏ கிடைத்தால் பால்குடம் எடுக்கிறேன் என்று நேர்த்தி வைக்கிறோம். கிடைக்காத பிள்ளைக்கு அந்த வீட்டில் கடவுளும் இல்லை, அம்மாவும் இல்லை என்பதுபோல் ஆகிவிடுகிறது. உயர்தரப் பெறுபேறு வரும் கிழமையில் அவசர சிகிச்சைப் பிரிவில் கடமையில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு வயிறு கழுவியிருக்கிறோம். பிழைத்த பிள்ளைகளை வாட்டில் பார்க்க வரும் பெற்றோர் சிலர் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வருவார்கள். பிள்ளையோடு ஒரு வார்த்தை பேசத் தெரியாமல் நிற்பார்கள்.

இடையில் ஒரு வைத்திய அறிவித்தலும். கந்தசஷ்டிக்கு ஆறுநாளும் உபவாசம் இருக்கும் அம்மாமார், சீனி வருத்தத்துக்கு இன்சுலின் அல்லது குளிசை எடுப்பவர்களாக இருந்தால், ஒரு மாதத்துக்கு முன்பே கிளினிக்கில் வந்து சொல்லுங்கள். மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றித் தரலாம். சிலருக்கு இந்த வருடம் ஒருநேரம் சாப்பிட்டு விரதம் பிடியுங்கள் என்று சொல்லவேண்டி வரும். சொல்லாமல் மருந்தை நிறுத்திவிட்டு மயங்கி விழுந்து வருபவர்களை ஒவ்வொரு ஐப்பசியிலும் பார்க்கிறோம். முருகன் அப்படிக் கேட்கவில்லை.

சரி, சமயத்தை இப்படியும் நடத்தலாம் என்று காட்டிய ஒருவரைச் சொல்கிறோம். அவரைக் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே நிறையப்பேர் இருப்பீர்கள். சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார், 1925இல் பிறந்தவர், எங்களைப் படிப்பித்தவர்களைப் போல ஒரு ஆசிரியை. தெல்லிப்பழை துர்க்காதேவி தேவஸ்தானத்தின் பொறுப்பை ஏற்று, 2008இல் மறையும்வரை அதை நடத்தியவர். ஒரு பெண் கோயில் நிர்வாகத் தலைமையில் இருப்பது அன்றைக்குச் சின்ன விசயமல்ல. இன்றைக்கும் எத்தனை கோயிலில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கோயிலுக்கு வருமானம் வந்தால் அடுத்ததாக எந்த மண்டபம் கட்டலாம் என்று யோசிப்பது வழக்கம். அவர் கோபுரத்தையும் கட்டினார்; கோயிலோடு சேர்த்து, தாய் தகப்பன் இல்லாத பெண் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டையும் கட்டினார். துர்க்காபுரம் மகளிர் இல்லம். அர்ச்சனைக் காசும் உண்டியல் காசும் பிள்ளைகளின் சாப்பாடாகவும் கொப்பியாகவும் சப்பாத்தாகவும் மாறின. வலிகாமம் வடக்கு போரில் பட்ட பாட்டுக்குள்ளும் அந்தப் பணி அறுந்துபோகவில்லை. எங்கள் பிள்ளைப் பருவத்தில் அவருடைய பிரசங்கத்துக்கு அம்மம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு போய், பாதியில் நித்திரையாகிப் போனவர்கள் நாங்கள். கதை மறந்துவிட்டது. மேடையின் ஒரு பக்கத்தில் வரிசையாக, ஒரேமாதிரி இரட்டைப் பின்னலோடு இருந்த அந்த இல்லத்துப் பிள்ளைகள் மறக்கவில்லை.

அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டுதான் எங்கள் வகுப்பு மூன்றாவது வாரத்தில் ஒரு யோசனைக்கு வந்தது. இந்த நூற்றாண்டுக்குச் சங்கம் பல திட்டங்கள் வைத்திருக்கிறது. ஆய்வுகூடம், புலமைப்பரிசில் எல்லாம் நல்லது. எங்கள் பங்கையும் கொடுக்கிறோம். அதோடு காசு அதிகம் தேவைப்படாத ஒன்று.

உலகம் முழுவதும் இருக்கும் பழைய மாணவிகளின் அம்மா அப்பாமார் இங்கே தனியாக இருக்கிறார்கள். பெரிய வீடு, பூட்டிய கேற், முற்றத்து மூலையில் கமரா. கமராவில் மகள் சிட்னியில் இருந்து பார்க்கிறாள். அம்மா விழுந்தால் தெரியும். ஆனால் தூக்க ஆளில்லை. இரத்த அழுத்தத்துக்குக் குளிசை எழுதித் தந்து அனுப்பும்போது, "பிள்ளை, ஒருக்கா வீட்டுப் பக்கம் வரமாட்டியோ?" என்று கேட்கும் அம்மாமாரை ஒவ்வொரு கிளினிக்கிலும் காண்கிறோம். அவர்களில் சிலர் எங்களுக்குப் படிப்பித்தவர்கள். வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனைக்கு மண்டபத்தில் எங்களை நிரையாக நிற்க வைத்துப் பஞ்சபுராணம் பாடப் பழக்கியவர்கள், இன்று தாங்களே விளக்கேற்றக் குனிய முடியாமல் இருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலம். இரண்டு இரண்டு பேராக ஒரு வீட்டுக்குப் போவது. வீட்டைக் கொஞ்சம் கூட்டி, விளக்கேற்றி, அவர்கள் விரும்பினால் ஒரு தேவாரம் பாடி, கிறிஸ்தவ வீடென்றால் அவர்களோடு செபம் சொல்லி, தேத்தண்ணீர் குடித்து, கதை கேட்டுவிட்டு வருவது. மருந்துப் பெட்டியைப் பார்ப்பதை வைத்தியர்களும் தாதியரும் பார்த்துக்கொள்வோம். உயர்தர வகுப்புத் தங்கைமாரும் வரலாம். வகுப்பு, ரியூசன், மீட்டல் என்று உங்களுக்கு நேரமில்லை என்பது தெரியும். மாதத்தில் ஒரு வெள்ளி போதும். இதற்குச் சான்றிதழ் தரப்போவதில்லை, பலகையில் பெயரும் வராது. அதை முதலிலேயே சொல்லிவிடச் சொன்னவள் எங்கள் முன்பள்ளி ஆசிரியைத் தோழிதான். போன மாதம் தொடங்கி அவளும் கணக்காளராக இருக்கும் இன்னொருத்தியும் நான்கு வீட்டுக்குப் போய்வருகிறார்கள். முதல் வீட்டில் கேற்றைத் திறக்க அந்தம்மாவுக்குப் பத்து நிமிடம் எடுத்ததாம். திறப்பு எங்கே வைத்தது என்று மறந்துபோச்சாம், திறந்து கனநாளாம்.

மண்டப வாசலில், மலர் விநியோகிக்கும் மேசைக்குப் பக்கத்தில் நீல உறை போட்ட ஒரு கொப்பி இருக்கிறது. இடப்பக்கத்தில் போகவேண்டிய வீடுகள், வலப்பக்கத்தில் போகக்கூடியவர்கள். இந்த மலரை வெளிநாட்டில் இருந்து வாசிப்பவர்கள் பெற்றோரின் விலாசத்தைச் சங்கச் செயலாளருக்கு அனுப்பினால் இடப்பக்கத்தில் எழுதிக்கொள்வோம். இன்று காலை பார்த்தபோது இடப்பக்கத்தில் முப்பத்தொரு வீடு. வலப்பக்கத்தில் பன்னிரண்டு பேர். மதிய போசனத்துக்குப் போகிற வழியில் எல்லோரும் அந்த மேசையைக் கடந்துதான் போகவேண்டும். பேனையும் நூல் கட்டி வைத்திருக்கிறோம்.